வானத்தை விட்டுவிட்டு அண்டை வீட்டைப் பார்த்தவர்கள்

எந்தக் கற்பனை உலகத்துப் போர்க்கதையை எடுத்துக்கொண்டாலும் இந்தக் காட்சி எங்கேயாவது ஒளிந்திருக்கும். அமைதியான துறைமுகம். வரிசையாக நிற்கும் போர்க்கப்பல்கள். விடுமுறை நாளின் சோம்பல் காலை. திடீரென்று வானம் முழுக்க விமானங்கள்! அனிமே ஆகட்டும், வீடியோ கேம் ஆகட்டும், வேற்றுக்கிரக நாவல் ஆகட்டும், கொடியின் நிறமும் ஊரின் பெயரும்தான் மாறும். காட்சி மாறாது.

இதற்கெல்லாம் அசல் ஒன்றுதான். 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவுகளில் ஓவாஹு என்ற தீவு. அங்கே பெர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளம். ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 353 ஜப்பானிய விமானங்கள் இரண்டு அலைகளாக வந்து அடித்தன. 2,403 அமெரிக்கர்கள் செத்துப்போனார்கள். அதில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலில் இருந்தவர்கள். ஜப்பான் இழந்தது 29 விமானங்களும் 5 குட்டி நீர்மூழ்கிகளும்.

இதற்குப் பாடப்புத்தகம் முதல் சினிமா வரை எல்லோரும் வைத்த பெயர், 'எதிர்பாராத தாக்குதல்'.

இங்கேதான் இடிக்கிறது. யார் எதிர்பார்க்கவில்லை?

1932 பிப்ரவரி 7. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். அமெரிக்கா தனக்குள்ளேயே ஒரு விளையாட்டுப் போர் நடத்தியது. ஒரு அணி ஹவாயைக் காக்க வேண்டும், இன்னொரு அணி தாக்க வேண்டும். தாக்கும் அணியின் விமானந்தாங்கிகளுக்குத் தலைவர் அட்மிரல் ஹாரி யார்னல். அவர் போர்க்கப்பல்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு சரடோகா, லெக்சிங்டன் என்ற இரண்டு விமானந்தாங்கிகளோடு இருட்டில் நெருங்கி, விடியற்காலையில் விமானங்களை ஏவினார். காக்கும் அணி தூங்கிக்கொண்டிருந்தது. 1938ல் இன்னொரு ஒத்திகை. அதிலும் சரடோகாவின் விமானங்கள் பெர்ல் ஹார்பரை அடித்துவிட்டுப் போயின. ஆக, 1941ல் நடந்த கதைக்கு இரண்டு முறை ஒத்திகை பார்த்தவர்களே அமெரிக்கர்கள்தான்!

'ஒத்திகை வேறு, நிஜம் வேறு' என்று சொல்பவர்களுக்கு நிஜமும் இருக்கிறது. 1940 நவம்பர் 11 இரவு, இத்தாலியின் டரன்டோ துறைமுகத்தில் இருந்த கடற்படையை இல்லஸ்ட்ரியஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியிலிருந்து வந்த 21 விமானங்கள் தாக்கின. அத்தனையும் இரட்டை இறக்கை வைத்த பழைய ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள். விடிந்தபோது மூன்று பெரிய போர்க்கப்பல்கள் அடிபட்டுக் கிடந்தன. அதில் ஒன்று போர் முடியும்வரை மறுபடி கடலுக்கே போகவில்லை. பிரிட்டன் இழந்தது இரண்டே விமானங்கள். ஆழம் குறைந்த துறைமுகத்தில் விமானத்திலிருந்து டார்பிடோ போட முடியாது, போட்டால் தரையில் குத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை அந்த ஒரே இரவில் தவிடுபொடியானது. ஜப்பானியர்கள் உடனே டரன்டோவுக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள்.

அமெரிக்கர்கள் தூங்கிவிட்டார்களா? அதுவும் இல்லை. 1941 ஜனவரி 24ஆம் தேதி கடற்படை அமைச்சர் ஃபிராங்க் நாக்ஸ், ராணுவ அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜப்பானுடன் போர் வந்தால் அது பெர்ல் ஹார்பர் மீதான திடீர்த் தாக்குதலோடு தொடங்க எல்லா வாய்ப்பும் உண்டு என்று அதில் இருக்கிறது. வரக்கூடிய ஆபத்துகளை வரிசைப்படுத்தியும் கொடுத்தார். முதல் இடம் விமானக் குண்டுவீச்சு. இரண்டாவது இடம் விமான டார்பிடோ. உள்ளூர் நாசவேலைக்கு மூன்றாவது இடம். இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அதே ஆண்டு மார்ச் மாதம் ஹவாயிலேயே இருந்த இரண்டு விமானப்படைத் தளபதிகள், மார்ட்டினும் பெலிஞ்சரும், இன்னொரு அறிக்கை கொடுத்தார்கள். மிக ஆபத்தான, மிகவும் நடக்கக்கூடிய தாக்குதல் எது என்றால், விமானந்தாங்கிகளிலிருந்து விடியற்காலையில் வரும் விமானத் தாக்குதல்தான் என்றது அது. ஜூன் மாதம் வாஷிங்டனிலிருந்து கடிதம் வந்தது. ஆழம் குறைவு என்பதற்காக எந்தத் துறைமுகத்தையும் டார்பிடோவிலிருந்து பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள் என்று. டார்பிடோ தடுப்பு வலை மட்டும் கடைசிவரை போடப்படவில்லை.

ஒரு கம்பெனியின் ஆடிட்டர் மூன்று முறை எழுதிக் கொடுத்து, ஆண்டு அறிக்கையின் அடிக்குறிப்பிலும் அச்சாகிவிட்ட ஒரு நஷ்டம் நிஜமாகவே வந்துவிட்டால், முதலாளி 'எதிர்பாராத நஷ்டம்' என்று சொல்ல முடியுமா? பங்குதாரர்கள் சும்மா விடுவார்களா?

சரி, எல்லாம் தெரிந்தும் ஏன் கோட்டை விட்டார்கள்? இதற்கு இணையம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பதில் உண்டு. 'ரூஸ்வெல்ட்டுக்கு எல்லாம் தெரியும், போரில் குதிக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்டுவிட்டார்' என்பது. கேட்கச் சுவாரசியமாக இருக்கும். ஆனால் அமெரிக்கா அப்போது படித்துக்கொண்டிருந்தது ஜப்பானின் தூதரக ரகசியச் செய்திகளை. அவற்றில் பெர்ல் ஹார்பரைத் தாக்கப் போகிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. ஜப்பானியக் கடற்படையின் சங்கேதத்தை அன்றைக்குப் பயன்படும் அளவுக்கு உடைக்கவில்லை. வந்த கப்பல்களோ ரேடியோவைத் தொடாமல் வந்தன. தேதியும் இடமும் தெரிந்திருந்தது என்பதற்கு இத்தனை ஆண்டு தோண்டியும் ஆதாரம் கிடைக்கவில்லை.

'யாருக்குமே தெரியாது' என்பதும், 'மேலே இருந்த ஒருவருக்கு எல்லாமே தெரியும்' என்பதும் எதிரெதிர்க் கட்சிகள் மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நடுவில் இருந்த அத்தனை பேரின் கணக்கையும் தள்ளுபடி செய்துவிடுகின்றன.

உண்மையான காரணம் ஓவாஹு தீவின் விமானத் தளங்களிலேயே கிடந்தது. அன்று காலை ஹிக்கம், வீலர் தளங்களில் போர் விமானங்கள் எப்படி நின்றன தெரியுமா? இறக்கையோடு இறக்கை ஒட்டி, கும்பலாக. குண்டு போடுபவனுக்கு அதைவிட வசதி கிடையாது. ஒன்றை அடித்தால் பக்கத்தில் இருப்பதும் எரியும். அன்று சுமார் 188 அமெரிக்க விமானங்கள் அழிந்தன, பெரும்பாலானவை தரையில் நின்றபடியே.

ஏன் அப்படி நிறுத்தினார்கள்? நவம்பர் 27ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து போர் எச்சரிக்கை வந்தது. ஹவாயின் ராணுவத் தளபதி வால்டர் ஷார்ட்டிடம் மூன்று வகை உஷார் நிலைகள் இருந்தன. அவர் தேர்ந்தெடுத்தது முதல் வகை, உள்ளூர் நாசவேலைக்கு எதிரான உஷார். விமானங்களைச் சிதறி நிறுத்தினால் யாராவது இருட்டில் வந்து தீ வைத்துவிடுவார்கள், ஒன்றாக நிறுத்தினால் காவல் சுலபம் என்பது கணக்கு. 'நாசவேலையைத் தடுக்கத் தயாராக இருக்கிறோம்' என்று வாஷிங்டனுக்குத் தகவலும் அனுப்பினார். அங்கே அதைப் படித்த ஒருவர்கூட 'அய்யா, நாங்கள் சொன்னது அதுவல்ல' என்று திருப்பி எழுதவில்லை.

அந்த 'யாராவது' யார்? ஹவாயின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஜப்பானிய வம்சாவளியினர். கரும்புத் தோட்டத்துக்கு உழைக்க வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். பெரும்பாலோர் அங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். காய்கறி விற்றவர், மீன் பிடித்தவர், பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர். ராணுவம் காவல் காத்தது இவர்களிடமிருந்து!

முதலாளி ஒருவர் கடைப் பையன்கள் கல்லாவில் கை வைத்துவிடுவார்களோ என்று ராத்திரி முழுக்க அவர்களையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கொள்ளைக்காரன் திறந்து கிடந்த வாசல் வழியாக வண்டியோடு வந்து போனானாம். ஹவாயில் நடந்தது அதுதான்.

அன்று காலை 7.02க்கு ஓப்பனா என்ற இடத்து ரேடாரில் இரண்டு சாதாரணச் சிப்பாய்கள் பெரிய விமானக் கூட்டம் ஒன்றை 130 மைல் தொலைவிலேயே பார்த்துவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னார்கள். பொறுப்பில் இருந்த இளம் அதிகாரி, கலிஃபோர்னியாவிலிருந்து வர வேண்டிய நம்ம விமானங்கள்தான், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டார். முதல் குண்டு விழ ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. வானத்தில் வருகிறவன் 'நம்ம ஆள்', தெருவில் இருக்கிறவன் 'எதிரி ஆள்'. இரண்டு கணிப்பும் தலைகீழ்.

'உளவாளியே இல்லை என்கிறீர்களா?' என்று கேட்கலாம். இருந்தார். டக்கேயோ யோஷிகாவா என்ற ஜப்பானியக் கடற்படை அதிகாரி, பொய்ப் பெயரில் ஹொனலுலு தூதரக ஊழியராக வந்தவர். கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துப் பார்த்து டோக்கியோவுக்கு அனுப்பியவர் அவர்தான். அவர் ஹவாய்க்காரர் இல்லை. டோக்கியோ அனுப்பிய ஆள், தூதரகக் கூரையின் கீழ் இருந்தார். நீஹாவு என்ற சிறு தீவில் விழுந்த ஒரு ஜப்பானிய விமானிக்கு, அங்கிருந்த ஹராடா என்ற உள்ளூர்க்காரர் உதவியதும் உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஒன்றரை லட்சம் பேரில் ஒரு தீவில் ஒரு வீடு. அதுவும் குண்டு விழுந்த பிறகு. தளத்தில் யாரும் தீ வைக்கவில்லை, யாரும் கம்பியை வெட்டவில்லை. ஹொனலுலு நகரத்தில் அன்று செத்த பொதுமக்களில் ஜப்பானிய வம்சாவளியினரும் உண்டு. அவர்களில் பலரைக் கொன்றது அமெரிக்கப் பீரங்கிகள் மேலே சுட்டு, வெடிக்காமல் ஊருக்குள் வந்து விழுந்த குண்டுகள்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு தளபதியின் தப்புக் கணக்கு என்று விட்டுவிடலாம். பிறகு நடந்ததுதான் அநியாயம்.

நாக்ஸின் வரிசை ஞாபகம் இருக்கிறதா? விமானம் முதல், நாசவேலை மூன்றாவது. அதே நாக்ஸ் டிசம்பர் நடுவில் ஹவாய் போய்விட்டு வந்து பத்திரிகையாளர்களிடம் என்ன சொன்னார்? ஹவாயில் ஐந்தாம் படை வேலை பலமாக நடந்தது, இந்தப் போரிலேயே நார்வேயை விட்டால் இங்கேதான் அது அதிகம் பலித்தது என்று சொன்னார். தன் கையால் எழுதிய எச்சரிக்கை மேஜை டிராயரில் இருக்க, பழியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் போட்டார். 'எதிர்பாராத' என்ற சொல்லுக்கு அடுத்த படி 'துரோகம்' என்ற சொல். எதிர்பார்க்காமல் அடி வாங்கினோம் என்றால், உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்திருக்க வேண்டும், இல்லையா? இப்படித்தான் அந்தத் தர்க்கம் ஓடும்.

மேற்குக் கரையின் தளபதி ஜான் டிவிட் இன்னும் ஒரு படி மேலே போனார். 1942 பிப்ரவரியில் அவர் கொடுத்த பரிந்துரையில் ஒரு வாதம் இருக்கிறது. இதுவரை எந்த நாசவேலையும் நடக்கவில்லை என்பதே, இனிமேல் நடக்கப்போகிறது என்பதற்கு அறிகுறியாம்! செய்தாலும் குற்றவாளி, செய்யாவிட்டாலும் குற்றவாளி. இந்த வாதத்துக்கு எந்தக் கோர்ட்டில் பதில் சொல்ல முடியும்?

1942 பிப்ரவரி 19ஆம் தேதி ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். சுமார் 1,20,000 பேர் வீட்டை விட்டு முள்வேலிக்குள் போனார்கள். மூன்றில் இரண்டு பேர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கடை, பண்ணை, மீன்பிடிப் படகு எல்லாம் வந்த விலைக்குப் போயின. முகாம் கட்டி முடிக்கும்வரை சில குடும்பங்களைக் குதிரைப் பந்தய மைதானத்தின் லாயங்களில் தங்க வைத்தார்கள். விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. இந்த மக்கள் விசுவாசமானவர்கள் என்று கர்டிஸ் மன்சன் என்பவர் தயாரித்த அறிக்கை 1941 நவம்பரிலேயே ரூஸ்வெல்ட்டின் அலுவலகத்துக்குப் போயிருந்தது. அதையும் யாரும் மதிக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. குண்டு விழுந்தது ஹவாயில். ஆனால் அங்கே மொத்தமாக யாரையும் வெளியேற்றவில்லை. ஷார்ட்டுக்குப் பிறகு வந்த தளபதி டெலோஸ் எம்மன்ஸ் அதை இழுத்தடித்துத் தடுத்தார். ஹவாயின் ஜப்பானிய வம்சாவளியினரில் அடைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. காரணம் வெறும் கருணை இல்லை. அவர்களை அப்புறப்படுத்தினால் கரும்புத் தோட்டத்திலும் கட்டுமான வேலையிலும் ஆள் இருக்காது. தாக்கப்பட்ட ஊரில் ஆபத்து இல்லாதவர்கள், 2,000 மைலுக்கு அப்பால் இருக்கும் கலிஃபோர்னியாவில் மட்டும் எப்படி ஆபத்தானார்கள்? பாதுகாப்புதான் காரணம் என்று இன்றும் சப்பைக்கட்டு கட்டுபவர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

சரி, இத்தனை பேரை அடைத்ததால் வானத்தைப் பார்க்கும் புத்தியாவது வந்ததா? 9066இல் கையெழுத்து விழுந்த அதே பிப்ரவரி 19ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. வழியில் இருந்த தீவிலிருந்து ஒரு பாதிரியார் ரேடியோவில் எச்சரித்திருந்தார். பொறுப்பில் இருந்தவர்கள், திரும்பி வருகிற நம்ம விமானங்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். மறுபடியும் அதே 'நம்ம விமானம்'! 200க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெர்ல் ஹார்பர் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

வெளியே பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு, நம்ம பக்கத்துக் கடலிலேயே. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி, லெனார்ட் பிர்ச்சல் என்ற கனடிய விமானி இலங்கைக்குத் தெற்கே ரோந்து போனார். பெர்ல் ஹார்பரை அடித்த அதே நகுமோவின் கப்பல் படையைப் பார்த்தார். சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன்னால் செய்தியை அனுப்பிவிட்டார். அதை நம்பினார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு கொழும்பில் குண்டு விழுந்தபோது பல கப்பல்கள் ஏற்கெனவே துறைமுகத்தை விட்டுப் போயிருந்தன. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. இரத்மலானையில் போர் விமானங்கள் தரையில்தான் மாட்டின, அன்றே இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின, 9ஆம் தேதி திருகோணமலையும் அடி வாங்கியது. ஆனாலும் கொழும்புத் துறைமுகம் இன்னொரு பெர்ல் ஹார்பர் ஆகவில்லை. தேவைப்பட்டது கடலைப் பார்க்க ஒரு விமானமும், அது சொன்னதைக் கேட்க ஒரு காதும்.

பழி கடைசியில் யார் மேல் விழுந்தது? அதிகாரிகளில் இரண்டே பேர். கடற்படைத் தளபதி ஹஸ்பண்ட் கிம்மல், ராணுவத் தளபதி ஷார்ட். 1942 ஜனவரியில் வந்த ராபர்ட்ஸ் கமிஷன் அவர்களைக் கடமை தவறியவர்கள் என்றது. பெர்ல் ஹார்பர் செய்தி வந்து பல மணி நேரம் கழித்தும் பிலிப்பைன்ஸில் தன் விமானங்களைத் தரையிலேயே பறிகொடுத்த மெக்கார்தருக்குக் கிடைத்தது நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம். கிம்மல், ஷார்ட் இருவரின் பதவியைத் திருப்பித் தரச் சொல்லி 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றமே ஜனாதிபதியைக் கேட்டுக்கொண்டது. எந்த ஜனாதிபதியும் செய்யவில்லை. முகாம் மக்களுக்கு 1988ல் மன்னிப்பும், உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலரும் கிடைத்தது. 46 ஆண்டு தாமதம். வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், எவ்வளவு மலிவாக முடித்துவிட்டார்கள் என்பது புரியும்.

கடைசியாக ஒன்று. கல்லூரியில் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. டிசம்பர் 7ஆம் தேதி குண்டு விழுந்த சில மணி நேரத்திலேயே ஹவாய் பல்கலைக்கழகத்தின் மாணவப் படையினர் (நம்மூர் என்.சி.சி. மாதிரி) துப்பாக்கியோடு காவலுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் ஜப்பானிய வம்சாவளி மாணவர்கள். ஆறு வாரம் ஊரைக் காத்தார்கள். ஜனவரியில் ஒருநாள், உங்கள் முகம் சரியில்லை என்கிற ஒரே காரணத்துக்காக அவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் தீ வைக்கவில்லை. எம்மன்ஸுக்கு ஒரு மனு எழுதினார்கள். துப்பாக்கி தராவிட்டால் பரவாயில்லை, எந்த வேலையாவது கொடுங்கள் என்று. 169 மாணவர்கள் படிப்பைப் போட்டுவிட்டுக் கல்லுடைத்தார்கள், சாலை போட்டார்கள், முள்வேலி கட்டினார்கள். 1943ல் ஜப்பானிய வம்சாவளியினருக்கென்று ஒரு படைப்பிரிவு அமைத்தபோது ஹவாயிலிருந்து கேட்டது 1,500 பேர். வந்து நின்றது கிட்டத்தட்ட 10,000 பேர்.

விமானங்களை இறக்கையோடு இறக்கை ஒட்டி நிறுத்தியது இவர்களுக்குப் பயந்துதான். இனிமேல் யாராவது பெர்ல் ஹார்பரையோ, வேறு எந்தத் தாக்குதலையோ 'எதிர்பாராதது' என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். காவல்காரர்கள் அன்று ராத்திரி யாரை முறைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள்.